மனமும் காரணமும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உளவியல் என்பது. முன்பு இதையே மனோதத்துவ சாஸ்திரம் என்று எழுதி வந்தார்கள். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். மனிதன் எப்படி நினைக்கிறான், ஏன் பயப்படுகிறான், ஏன் மறக்கிறான், ஒருவனைக் கண்டவுடன் ஏன் துண்டை இடுப்பில் கட்டுகிறான், இன்னொருவனைக் கண்டவுடன் ஏன் அதட்டுகிறான் என்பவற்றையெல்லாம் சோதித்துப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க முயலும் சாஸ்திரம் அது.

"இதற்கும் நமது இயக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் நிரம்ப உண்டு. ஒரு காலத்தில் அம்மை வார்த்தால் "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்றோம். வேப்பிலை கட்டினோம், கூழ் ஊற்றினோம், பிணத்தையும் தூக்கினோம். பிறகு அதற்குக் காரணம் ஒரு கிருமி என்று தெரிந்தது. அம்மைப்பால் குத்தினார்கள். 1980-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று அறிவித்துவிட்டது. ஆத்தாள் எங்கே போனாள் என்று அதற்குப் பிறகு ஒருவரும் தேடவில்லை.

உடம்பு விஷயத்தில் இப்படிக் காரணத்தை ஒப்புக்கொண்ட ஜனங்கள், மனது விஷயத்தில் மாத்திரம் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறார்கள். வயிற்று வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள், வீட்டில் ஒருவர் தூங்காமல் பிதற்றினால் கோடாங்கியிடம் ஓடுகிறார்கள். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் ஜாதகத்தைத் தூக்குகிறார்கள். ஒரு வகுப்பார் தலை குனிந்து நின்றால் "அது அவர்கள் பிறவிக் குணம்" என்கிறார்கள். பேய், விதி, பிறவி ஆகிய இந்த மூன்றும்தான் நமது நாட்டில் மனதைப் பற்றிய சாஸ்திரமாக இருந்து வந்திருக்கிறது. இவற்றின் இடத்தில் காரணம் என்ற ஒன்றை வைக்க வந்ததே உளவியல்.

இது மிகப் பழைய சாஸ்திரமுமல்ல. மனதைப் பற்றித் தத்துவம் பேசினவர்கள் எந்த நாட்டிலும் ஏராளமாக உண்டு. ஆனால் மனதைச் சோதனைச் சாலைக்குள் கொண்டுவந்தவர் வில்ஹெல்ம் வுண்ட் என்ற ஜெர்மானியர். 1879-ல் லைப்சிக் நகரத்துச் சர்வகலாசாலையில் இதற்கென்றே ஒரு சோதனைச் சாலையை நடத்தத் தொடங்கினார். ஒரு சத்தம் காதில் விழுந்ததற்கும் அதைக் கேட்டவன் விரலால் ஒரு விசையை அழுத்துவதற்கும் நடுவே எவ்வளவு நேரமாகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். "இது ஒரு பெரிய காரியமா?" என்று தோன்றலாம். பெரிய காரியம்தான். மனது செய்யும் வேலையையும் அளக்கலாம், ஒருவர் அளந்ததை இன்னொருவர் திரும்ப அளந்து சரிபார்க்கலாம் என்று ஏற்பட்டுவிட்டது. நமது நாட்டில் 1916-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் இதற்குத் தனிப் பகுதி ஏற்படுத்தினார்கள்.

அப்படியானால் உளவியலாளர் என்பவர் என்ன வேலை செய்கிறார்? நம்மவரில் பலர், அவர் முகத்தைப் பார்த்தே மனதிலுள்ளதைச் சொல்லிவிடுவார் என்றும், கண்கட்டு வித்தை செய்வார் என்றும் எண்ணியிருக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. அவர் கேட்கிறார், கவனிக்கிறார், சோதிக்கிறார், கணக்கெடுக்கிறார். சிலர் ஆராய்ச்சி மாத்திரம் செய்வார்கள். சிலர் பள்ளிக்கூடங்களில், ஒரு பிள்ளைக்கு எழுத்து ஏன் குழம்புகிறது, காது மந்தமா, கவனக் குறைவா, வீட்டில் தொல்லையா என்று பார்த்து அதற்கேற்ற போதனை முறையைச் சொல்லுவார்கள். சிலர் தொழிற்சாலைகளில், எந்த யந்திரத்தை எப்படி அமைத்தால் தொழிலாளி தவறிக் கை கொடுக்கமாட்டான் என்று பார்ப்பார்கள். சிலர் ஆஸ்பத்திரிகளில், பயம், துக்கம், குடி முதலியவற்றால் கஷ்டப்படுகிறவர்களுக்குப் பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை செய்வார்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். மனநோய் வைத்தியர் என்பவர் வைத்தியப் படிப்புப் படித்த டாக்டர். மருந்து கொடுப்பவர் அவர். உளவியலாளர் மருந்து கொடுப்பதில்லை. வியாதிக்குத் தக்கபடி சிலருக்கு மருந்து வேண்டும், சிலருக்குப் பேச்சுச் சிகிச்சை போதும், சிலருக்கு இரண்டும் வேண்டும்.

இனி, அவர்கள் சோதனை எப்படிப்பட்டது என்பதற்கு உதாரணங்கள் சொல்லுகிறேன். முதலில் ஜோசியத்தை எடுத்துக்கொள்ளுவோம். "ஜோசியன் என் விஷயத்தை அப்படியே கண்ணால் பார்த்ததுபோல் சொல்லிவிட்டானே!" என்று சொல்லாதவர் நமது ஊரில் யார்? 1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர், தமது மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பரீட்சை வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் "இதுதான் உன் குணம்" என்று எழுதிய ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க்குப் போடச் சொன்னார். சராசரி மார்க்கு நாலுக்கு மேல் வந்தது. உண்மை என்னவென்றால், 39 பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள்! அதிலுள்ள வாக்கியங்களையும் அவர் பெரும்பாலும் கடையில் விற்கும் ஒரு ஜோசியப் புஸ்தகத்திலிருந்துதான் எடுத்திருந்தார்.

"உனக்குத் திறமை உண்டு, ஆனால் முழுவதும் பயன்படவில்லை. பிறர் உன்னை மதிக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறாய்" என்கிற மாதிரியான வார்த்தைகள் யாருக்குத்தான் பொருந்தாது? ஜோசியன் உங்கள் கிரகத்தைப் படிக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவானதை எடுத்து உங்களுக்கென்று தனியாகச் சொல்லுகிறான். பொருத்திக் கொள்ளுகிற வேலையை நீங்களே செய்து, தட்சிணையும் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். சந்தேகமிருந்தால் நாளைக்கே ஒரு ஜாதக பலனை எடுத்து, பேரை மறைத்து, பத்துப் பேரிடம் "இது உன்னுடையது" என்று சொல்லிக் காட்டிப் பாருங்கள். செலவில்லாத பரீட்சை.

இரண்டாவது, பயம். சிறு குழந்தை சோறு தின்னாவிட்டால் "பூச்சாண்டி வருகிறான்" என்கிறோம். அது பெரியவனாகிப் புளிய மரத்தடியில் இரவில் நடக்கமாட்டேன் என்றால், "பேய் இருப்பதால்தானே பயப்படுகிறான்?" என்று அந்தப் பயத்தையே பேய்க்குச் சாட்சியாக்குகிறோம். 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். மூன்று வயது நிரம்பாத பீட்டர் என்ற பையன் முயலைக் கண்டால் அலறுவான். பஞ்சைக் கண்டாலும் மிரளுவான். அந்த அம்மையார் அவனை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, மந்திரிக்கவும் இல்லை. அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் தின்று சந்தோஷமாயிருக்கும்போது முயலைத் தூரத்தில் கூண்டில் வைத்தார். நாளாக ஆக அதைச் சிறிது சிறிதாகக் கிட்டக் கொண்டுவந்தார். பயமில்லாத மற்றக் குழந்தைகள் முயலோடு விளையாடுவதையும் அவன் பார்க்கும்படி செய்தார். முடிவில் அந்தப் பையன் தானே முயலைத் தடவிக்கொடுத்தான். பழகி வந்த பயம் பழக்கத்தாலேயே போயிற்று. பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளச் செய்யும் இந்த முறையைத்தான் இன்றைக்கும் உளவியலாளர்கள் பல பயங்களுக்குச் சிகிச்சையாகக் கையாளுகிறார்கள்.

மூன்றாவது, பேய் பிடிப்பது. இந்தப் பேய் ஏன் பெரும்பாலும் புதிதாக வாழவந்த மருமகளையே பிடிக்கிறது, மாமியாரையும் மிட்டாதாரையும் ஏன் பிடிப்பதில்லை என்று நீங்கள் யோசித்ததுண்டா? வாய் திறந்து பேச உரிமையில்லாத ஒரு பெண், "நான் பேசவில்லை, பேய் பேசுகிறது" என்ற நிலையில்தான் மாமனாரை ஏன் என்று கேட்க முடிகிறது. அவள் வேஷம் போடுகிறாள் என்று நான் சொல்லவில்லை. தாங்க முடியாத மனக் கஷ்டம் தெரிந்தும் தெரியாமலும் இப்படி வெளிப்படுவதுண்டு. வேறு சிலருக்கு மூளையைப் பற்றிய வியாதியே இருக்கும். எதுவானாலும் சாட்டையும் மிளகாய்ப் புகையும் அதற்கு மருந்தாகுமா என்று கேட்கிறேன்.

தோழர்களே! இந்த மூட நம்பிக்கையின் விலை என்னவென்பதை நமது நாடு ஒரு நாள் கண்ணால் பார்த்தது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். தீயைப் பார்த்தும் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் எதிரிகளல்ல. பெற்ற தாயும் தகப்பனும், கூடப் பிறந்தவர்களும். தர்காவின் தண்ணீரும் எண்ணெயும் குணப்படுத்தும் என்ற நம்பிக்கையில் விட்டார்கள். அந்த மாதிரி விடுதிகளைச் சர்க்கார் மூடியது அதற்குப் பிறகுதான். இதை ஒரு மதத்தின் குற்றமாகச் சொல்ல வரவில்லை. தர்காவானாலும், கோயிலானாலும், மாதா கோயிலானாலும், மனநோய்க்குப் பேரம் பேசுகிற இடங்கள் எல்லா மதத்திலும் உண்டு.

"கோயிலில் தங்கிக் குணமானவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோமே!" என்று ஒருவர் கேட்டால், அதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அறிவாளி என்பவன் தனக்கு வேண்டாத சங்கதியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்து ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் செய்தார்கள். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் வந்து தங்கிய மனநோயாளிகள் 31 பேரை வரும்போதும் போகும்போதும் சோதித்து, 2002-ல் அதை வெளியிட்டார்கள். சராசரி ஆறு வாரம் தங்கினவர்களுக்கு நோய்க் குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அப்படியானால் சாமி குணப்படுத்தினாரா? அங்கே தனியாகப் பேயோட்டும் சடங்கு எதுவும் நடக்கவில்லை. உறவினர் ஒருவர் கூடவே இருந்தார். திட்டுவாரில்லை, அடிப்பாரில்லை. நோயாளிகள் கோயிலில் சின்னச் சின்ன வேலைகள் செய்தார்கள். அன்பான, பயமில்லாத சூழ்நிலையே காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்களே எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டம் அந்தச் சோதனையில் இல்லையாதலால் அதையும் முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் நான் கேட்பது இதுதான்: அடியில்லாமல், ஏச்சில்லாமல், மனிதனை மனிதனாக வைத்துக்கொண்டதே பாதி மருந்தென்றால், அதைச் செய்ய நம் வீட்டுத் திண்ணை போதாதா? அதற்கு ஒரு சாமி எதற்கு? அதோடு தக்க வைத்தியமும் சேர்ந்தால் இன்னும் எத்தனை பேர் தேறுவார்கள்?

2017-ஆம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடுத்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகத் தண்டிக்காமல், பெரும் மனக் கஷ்டத்தில் இருந்தவராகக் கருதி உதவ வேண்டுமென்றும் அதே சட்டம் சொல்லுகிறது. மனநோய் வைத்தியம் ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிகளில் கிடைக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் காசில்லாமல் தமிழிலேயே பேசி யோசனை கேட்கலாம். டெலி மானஸ் என்ற இந்த ஏற்பாட்டை 2022-ல் சர்க்கார் தொடங்கியது. இதை உங்கள் ஊர் வாசகசாலைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அதே சமயம் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய பூசாரி போய், உளவியல் என்ற பேரில் புதுப் பூசாரி வந்துவிடக்கூடாது. "ஒரே நாளில் மனதை மாற்றுகிறேன்", "கையெழுத்தைப் பார்த்துத் தலையெழுத்தைச் சொல்லுகிறேன்" என்று பணம் பறிக்கிற ஆசாமிகள் பட்டணங்களில் உண்டு. மனநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்யும் உளவியலாளர், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பெயர் பதிந்திருக்க வேண்டும். "பதிவு உண்டா?" என்று கேட்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

சாஸ்திரக்காரர்களும் தவறு செய்திருக்கிறார்கள். அதிலும் நமக்கு மிகவும் சம்பந்தப்பட்ட ஒரு தவறு உண்டு. 1905-ல் பாரிஸ் நகரத்தில் ஆல்பிரட் பினே என்பவர், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனி உதவி செய்வதற்காக ஒரு அறிவுப் பரீட்சையை ஏற்படுத்தினார். அறிவு பிறவியிலேயே அளந்து வைத்தது, அது வளராது என்ற எண்ணத்தை அவரே கண்டித்தார். ஆனால் அந்தப் பரீட்சை அமெரிக்காவுக்குப் போனதும் பிறவித் திமிருக்கு ஆயுதமாயிற்று. முதல் உலக யுத்தத்தில் பட்டாள ஆட்களுக்கு வைத்த பரீட்சைகளைக் கொண்டு, கார்ல் பிரிகம் என்பவர் 1923-ல் ஒரு புஸ்தகம் எழுதினார். வட ஐரோப்பிய வெள்ளையரே அறிவில் உயர்ந்தவர், மற்றவர் தாழ்ந்தவர் என்பது அவர் முடிவு. அந்தப் பரீட்சையில் கேட்ட கேள்விகள் சில என்ன தெரியுமா? அமெரிக்கப் பந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றி, அமெரிக்கக் கடைச் சரக்கு ஒன்றைப் பற்றி! கப்பலிலிருந்து இறங்கி வந்த ஏழைக் குடியானவனுக்கு இது எப்படித் தெரியும்? நமது ஐக்கோர்ட் வக்கீல் ஒருவரைக் கழனியில் நிறுத்தி, "இது என்ன நாற்று?" என்று கேட்டு, தெரியாது என்றதும் "இவர் பிறவி மூடர்" என்று எழுதிக்கொள்ளுவது எவ்வளவு யோக்கியமோ அவ்வளவு யோக்கியம்தான் அது. ஆனால் ஒன்று கவனியுங்கள். 1930-ல் அந்தப் பிரிகமே, தமது பழைய முடிவுக்கு ஆதாரமில்லை என்று அச்சில் எழுதி ஒப்புக்கொண்டார். மனு தர்மத்தை எழுதினவர்களோ, அதை ஓதி வயிறு வளர்த்தவர்களோ ஒரு நாளாவது "எங்கள் முடிவு தப்பு" என்று எழுதியதுண்டா? சாஸ்திரத்துக்கும் சாத்திரப் புரட்டுக்கும் உள்ள பேதம் இதுதான்.

அந்த மாதிரிப் பிறவிப் பேச்சு நமது நாட்டில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் சோதனை நடந்திருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள், உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஆறாவது ஏழாவது வகுப்புப் பையன்களைக் கொண்டு உளவியல் முறையில் ஒரு சோதனை நடத்தி 2004-ல் வெளியிட்டார்கள். மேல் ஜாதியில் 321 பேர், தாழ்த்தப்பட்ட ஜாதியில் 321 பேர். காகிதத்தில் வரைந்த சிக்கலான வழிகளில் வெளியேறும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததற்குத் தக்கபடி காசு. ஜாதியைச் சொல்லாமல் விட்டபோது இரு தரத்துப் பையன்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி செய்தார்கள். பிறகு வேறு கூட்டங்களில், எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், ஜாதி இவற்றைப் படித்தார்கள். அவ்வளவுதான். அந்தக் கூட்டங்களில் தாழ்த்தப்பட்ட பையன்கள் செய்தது சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று.

யோசித்துப் பாருங்கள்! காகிதம் அதே காகிதம், வயதும் அதே வயது. நடுவே வந்தது ஒரு வார்த்தை, ஜாதிப் பேர். ஒரு கால் மணி நேரத்துக்கு அந்த வார்த்தை இவ்வளவு செய்யுமானால், பிறந்தது முதல் தெருவிலும், குளத்திலும், பள்ளிக்கூடத்திலும், கோயில் வாசலிலும் அதைக் கேட்டே வளர்ந்தவனுக்கு அது என்ன செய்திருக்கும்? அப்படிச் செய்துவிட்டு, "பார்! அவனுக்குப் படிப்பு வராது, அது பிறவிக் குணம்" என்று சொல்லுவது, காலைக் கட்டிப் போட்டுவிட்டு ஓடத் தெரியாதவன் என்று ஏசுவதல்லாமல் வேறென்ன? சுயமரியாதை என்று நாம் சொல்லுவதை மேடைப் பேச்சு என்று சிலர் நினைக்கிறார்கள். அது கணக்குப் போடும் கையிலும் இருக்கிறது, வழி தேடும் கண்ணிலும் இருக்கிறது என்று இந்தச் சோதனை காட்டுகிறது.

ஆகையால் தோழர்களே! மனதுக்கும் காரணமுண்டு. காரணம் உண்டென்றால் மாற்றவும் வழி தேடலாம். இந்த ஒன்றை மாத்திரம் நீங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் போதும். வீட்டில் ஒருவர் மனம் கலங்கியிருந்தால் அவரை அடிக்காதீர்கள், கட்டாதீர்கள், மறைக்காதீர்கள். அவர் சொல்லுவதைக் கேளுங்கள், வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். குழந்தையைப் பூச்சாண்டி காட்டி வளர்க்காதீர்கள். படிப்பு வராத பிள்ளையை மூடனென்று ஏசுமுன், என்ன தடை என்று பாருங்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு உபாத்தியாயர் பிள்ளைகளை எழுப்பி ஜாதி கேட்டால், நாலு பேராகப் போய், "ஐயா, இது பிள்ளைகளின் அறிவைக் கெடுக்கும் காரியம்" என்று சொல்லுங்கள்.

நான் சொன்னதையும் நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். யோசித்துப் பாருங்கள், சோதித்துப் பாருங்கள், சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.